கூகுள் எர்த்தா, புவனா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பா? ஒரே இடத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழிகாட்டி

இணைய வரைபடங்களையும் கணினி உலக உருண்டைகளையும் ஒப்பிடும் அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் படம் உண்டா, முப்பரிமாணம் உண்டா, தூரம் அளக்க முடியுமா, இலவசமா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றே இருக்கும். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு படம் எந்தத் தேதியில் எடுத்தது, அந்த உயர எண் எங்கிருந்து வந்தது, நீங்கள் வரைந்ததை வெளியே எடுக்க விடுவார்களா என்பவைதான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. அவை அட்டவணையில் வருவதில்லை.

அதனால் நான் பரிந்துரைக்கும் முறை வேறு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தையும் கேள்வியையும் ஒவ்வொரு மென்பொருளிடமும் கொடுத்துப் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அப்படித்தான் போகப்போகிறது.

படி 1: இடமும் கேள்வியும்

எடுத்துக்காட்டாகச் சென்னையின் தெற்கே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை வைத்துக்கொள்வோம். வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் ஆகியவற்றுக்கு நடுவே கிடக்கும் நிலம் அது. மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது; அந்தப் பட்டியலில் அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்.

கேள்வி: கடந்த 20 ஆண்டுகளில் இந்தச் சதுப்புநிலத்தின் விளிம்பு எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது?

இது ஒப்பீட்டுக்கு நல்ல கேள்வி. பழைய படம் வேண்டும், பரப்பு அளக்க வேண்டும், மழைக்காலத்து நீரைப் பார்க்க வேண்டும், உயரம் தெரிய வேண்டும். ஒரு மென்பொருளின் எல்லாத் தசைகளையும் இது சோதித்துவிடும். உங்கள் ஊர் ஏரி, ஆற்றுமுகத்துவாரம், கல்குவாரி எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நேரில் நடந்து பார்த்த இடமாக இருக்கட்டும். அப்போதுதான் திரையில் தெரிவது சரியா தப்பா என்று சொல்ல முடியும்.

படி 2: போட்டியாளர்களை இனம் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். இவை மூன்று வேறு குடும்பங்கள்.

முதலாவது, படத்தைக் காட்டும் உருண்டைகள். கூகுள் எர்த் இதில் மூத்தது. கீஹோல் என்ற நிறுவனம் செய்த எர்த்வியூவரை 2004இல் கூகுள் வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்று வெளியிட்டது. கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோ ஆண்டுக்கு 399 டாலர் கட்டணத்தில் இருந்தது. 2015 ஜனவரி முதல் இலவசம். உலாவியில் திறக்கும் பதிப்பு 2017இல் வந்தது. நாசா 2004இல் வெளியிட்ட வேர்ல்ட் விண்டும் இதே குடும்பம்தான், மூலநிரல் திறந்தது. எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் எர்த், கேடிஇ என்ற திறந்த மென்பொருள் குழுவின் மார்பிள் ஆகியவையும் இதில் சேரும். நம் இஸ்ரோவின் புவன் 2009 ஆகஸ்டில் தொடங்கியது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் நடத்துகிறது.

இரண்டாவது, வழி காட்டும் வரைபடங்கள். கூகுள் மேப்ஸ், ஆப்பிள் மேப்ஸ், பிங் மேப்ஸ், மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ். கடை, பேருந்து, போக்குவரத்து நெரிசல் என்றால் இவை. நம் கேள்விக்கு இவற்றால் பெரிய உதவி இல்லை. ஆப்பிள் மேப்ஸின் பறவைப் பார்வை அழகானதுதான், ஆனால் பழைய படமும் இல்லை, வரைந்து வெளியே எடுக்கும் வசதியும் இல்லை. இந்த வேலைக்கு அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, தரவையே கையில் கொடுப்பவை. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஒன்று. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இன்னொன்று. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு சீசியம்: உலாவியிலேயே சொந்த உருண்டையைக் கட்டிக்கொள்ளும் நிரலகம் அது. கட்டடங்களின் முப்பரிமாண மாதிரி கையில் இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. இல்லாதவர்கள் அதன் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை.

படி 3: படத்தின் தேதியைத் தேடுங்கள்

இதுதான் ஒப்பீட்டின் இதயம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூகுள் மேப்ஸில் பள்ளிக்கரணையைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். திரையின் அடியில் பதிப்புரிமைக் குறியோடு ஓர் ஆண்டு இருக்கும். பலரும் அதைப் படம் எடுத்த ஆண்டு என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அது பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. படம் எடுத்த தேதியை கூகுள் மேப்ஸ் சொல்வதில்லை.

அதே இடத்தை கூகுள் எர்த் புரோவில் திறங்கள். கீழ்ப்பட்டையில் படத்தின் தேதி தெரியும். வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரியை அழுத்தினால் மேலே காலக்கோடு வரும். அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போங்கள். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வடக்கு விளிம்பில் எப்படிப் பரந்தது, பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை சதுப்பை எப்படிக் குறுக்கே வெட்டிப் போகிறது, அதை ஒட்டிக் கட்டடங்கள் எப்படி முளைத்தன என்பதெல்லாம் படிப்படியாகத் தெரியும். 2024இல் இந்தப் பழைய படங்கள் உலாவிப் பதிப்புக்கும் கைபேசிப் பதிப்புக்கும் வந்துவிட்டன.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: திரையில் தெரிவது ஒரே படம் அல்ல. பல நாள்களில் எடுத்த துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். சதுப்பின் வடபாதி ஒரு கோடையிலும் தென்பாதி ஒரு மழைக்காலத்திலும் எடுத்ததாக இருக்கலாம். அதனால் பாதி வறண்டும் பாதி நிறைந்தும் தெரிந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். சுட்டியை நகர்த்தி ஒவ்வொரு பகுதியின் தேதியையும் தனித்தனியே பாருங்கள். இரண்டு: காலக்கோட்டில் 1980கள் வரை போகலாம், ஆனால் அந்தப் படங்கள் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்தவை. ஓர் ஆண்டின் பல படங்களைக் கலந்து செய்தவை என்பதால் டிசம்பர் கடைசித் தேதியைக் காட்டும். அதில் வீடோ தெருவோ தெரியாது. நீர்ப்பரப்பின் உருவம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், எஸ்ரியின் வேபேக் என்ற தளத்தைக் கட்டாயம் பாருங்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது. தங்கள் உலகப் படத்தின் ஒவ்வொரு வெளியீட்டையும் 2014 பிப்ரவரியிலிருந்து சேமித்து வைத்திருக்கிறார்கள். உலாவியில் திறந்தால் போதும். ஆனால் பட்டியலில் இருப்பது வெளியிட்ட தேதி. வரைபடத்தின் மேல் ஓரிடத்தில் அழுத்தினால்தான் படம் எடுத்த தேதி, யார் எடுத்தது, எவ்வளவு நுணுக்கம் என்ற விவரம் வரும். 2019 வெளியீட்டில் இருக்கும் படம் அதற்கும் முந்தைய ஆண்டில் எடுத்ததாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் தளம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

படி 4: மழைக்காலத்தைக் கேளுங்கள்

மேலே சொன்ன நுணுக்கமான படங்களில் ஒரு பெரிய குறை: மேகமில்லாத நாள்களைத்தான் தேர்ந்தெடுத்துப் போடுவார்கள். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சதுப்புநிலம் நிறைந்து வழியும் அந்த மாதங்கள்தான் நமக்கு வேண்டும். படமோ பெரும்பாலும் காய்ந்த மாதங்களில் எடுத்ததாக இருக்கும். காய்ந்த நாளில் எடுத்த படத்தைக் காட்டி 'இங்கே தண்ணீரே இல்லை' என்று மனை விற்பவர்கள் உண்டு. அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசரைத் திறங்கள். பார்ப்பதற்குக் கணக்கு வேண்டாம். படத்தைப் பதிவிறக்க இலவசக் கணக்கு வேண்டும். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். வீடு தெரியாது, ஆனால் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து சுமார் 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன; 2015இலிருந்து சேமிப்பு இருக்கிறது. நீரைத் தனியே காட்டும் நீர்க்குறியீடு என்ற தேர்வை அழுத்தினால் நீரும் நிலமும் வேறு வேறு நிறத்தில் பிரிந்துவிடும். மே மாதப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

மேகம் மூடிய நாளுக்கு சென்டினல்-1. இது ரேடார், மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். அமைதியான நீர்ப்பரப்பு ரேடாரில் கறுப்பாகத் தெரியும். இங்கே ஒரு நுட்பம்: பள்ளிக்கரணையில் கோரையும் நாணலும் அடர்த்தி. அவை மூடிய நீர் கறுப்பாகத் தெரியாமல் போகலாம், சில சமயம் வெளுப்பாகவும் தெரியலாம். ஆகவே ரேடாரில் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் நீர் என்று சொல்லலாம்; கறுப்பாக இல்லையென்றால் நீர் இல்லை என்று சொல்ல முடியாது.

கூகுள் எர்த்தில் இந்த வேலை நடக்காது. அழகில் அதற்கு ஈடில்லை, ஆனால் குறிப்பிட்ட ஒரு வாரத்தைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

படி 5: அளந்து பாருங்கள்

முதலில் அளவுகோலையே சோதியுங்கள். சேப்பாக்கம் மைதானத்தின் நடு ஆடுகளத்தை நெருங்கி, ஸ்டம்புக்கு ஸ்டம்பு அளக்க முயலுங்கள். 22 கஜம், அதாவது 20.12 மீட்டர் வரவேண்டும். ஒரு மீட்டர் இப்படி அப்படி இருந்தால் அது உங்கள் சுட்டியின் நடுக்கம்.

கூகுள் எர்த் புரோவில் ரூலர் கருவியில் பாலிகன் என்பதைத் தேர்ந்து விளிம்பைச் சுற்றி வந்தால் பரப்பு ஹெக்டேரிலும் ஏக்கரிலும் கிடைக்கும். கூகுள் மேப்ஸிலும் வலப்பொத்தானை அழுத்தித் தூரம் அளக்கத் தொடங்கி, கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு சேர்த்தால் பரப்பைச் சொல்லும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முதன்மைத் தளத்தில் அளவுகோலே கிடையாது. தரவைக் கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்துதான் அளக்க வேண்டும்.

அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற முறையில் உலகைத் தட்டையாக்குகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாமே பெரிதாகும். 60 பாகை வடக்கில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. சென்னை 13 பாகையில் இருப்பதால் நமக்கு அவ்வளவு மோசமில்லை. நீளத்தில் சுமார் 2.6 சதவீதம், பரப்பில் சுமார் 5 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். 1,248 ஹெக்டேரில் 5 சதவீதம் என்றால் 60 ஹெக்டேருக்கு மேல். ஒரு சதுப்புநில வழக்கில் அது சின்ன எண் அல்ல. கியூஜிஐஎஸ்ஸின் அளவுக் கருவியில் தளமுறை, நீள்கோள முறை என்று இரண்டு தேர்வுகள் இருக்கும், இரண்டாவதை வையுங்கள். கூகுள் எர்த் உருண்டையின் மேலேயே கணக்கிடுவதால் இந்தச் சிக்கல் அதில் வராது.

இன்னொன்று, படங்கள் இடம் பெயர்ந்திருக்கும். நகராத ஒரு மூலையை, எடுத்துக்காட்டாக ஒரு பழைய பாலத்தின் முனையை, புதிய படத்தில் குறியிட்டுவிட்டுக் காலக்கோட்டைப் பின்னே இழுங்கள். குறி பாலத்தை விட்டுச் சில மீட்டர் தள்ளி நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த விலகலைக் குறித்து வையுங்கள். அதைவிடச் சின்ன மாற்றம் எதையும் 'விளிம்பு நகர்ந்தது' என்று சொல்லக்கூடாது.

படி 6: உயரத்தை நம்பலாமா?

மனை வாங்குபவர்கள் கூகுள் எர்த்தைத் திறந்து, சுட்டியை வைத்து, '6 மீட்டர் காட்டுகிறது, பக்கத்து மனை 4 மீட்டர், இங்கே தண்ணீர் வராது' என்று முடிவெடுப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

உலகளாவிய உயரத் தரவுகளில் மிகப் பரவலானது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்தது. ஒரு புள்ளிக்கு சுமார் 30 மீட்டர் சதுரம். அந்தத் திட்டத்துக்கு வைத்த உயரத் துல்லிய வரம்பே 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாகவே வந்தது என்றாலும், சில மீட்டர் பிழை சாதாரணம். மரத்தின் தலையும் கூரையும் சேர்ந்து 'தரை' என்று பதிவாகும். 2000க்குப் பிறகு கொட்டிய மண்ணும் வெட்டிய கால்வாயும் அதில் இல்லை. பள்ளிக்கரணையோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. அளக்க வேண்டிய வேறுபாட்டைவிட அளவின் பிழை பெரிது. அதை வைத்து வெள்ளம் வருமா என்று சொல்லவே முடியாது.

மலைக்குப் போனால் கதை மாறிவிடும். கூகுள் எர்த் புரோவில் கோத்தகிரிச் சாலைக்கு ஒரு பாதை வரைந்து, வலப்பொத்தானை அழுத்தி உயரக் குறுக்குவெட்டைக் கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் சில மீட்டர் பிழை ஒரு பொருட்டே இல்லை. மலையேற்றம், சைக்கிள் பயணம் திட்டமிட இதைவிட எளிய கருவி கிடையாது.

படி 7: நிலத்தின் பெயரும் எல்லையும்

படத்தில் தெரிவது ஒன்று. ஆவணத்தில் இருப்பது வேறொன்று. சதுப்பின் எந்தப் பகுதி எந்த வகை நிலம் என்று அறிய புவன் நல்ல இடம். அதன் பலம் படத்தில் இல்லை, மேலே விரிக்கும் அடுக்குகளில் இருக்கிறது: நிலப் பயன்பாடு, ஈரநிலங்கள், நிலத்தடி நீர் என்று பொருள்வாரி வரைபடங்கள். தளம் மெதுவாகத்தான் திறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த அடுக்குகள் கூகுளிடம் இல்லை. தமிழ்நாட்டில் சர்வே எண் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பார்க்க வேண்டுமென்றால் மாநில அரசின் டிஎன்ஜிஐஎஸ் தளம் இருக்கிறது. ஆனால் இவை எதுவும் பட்டாவுக்கும் புல வரைபடத்துக்கும் மாற்று ஆகாது. சர்வேயர் அளந்து நட்ட கல்தான் எல்லை.

தெரு, வாய்க்கால், மதகு, படித்துறை போன்ற சிறு விவரங்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அங்கே யாரும் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியும் வரலாறும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் நின்ற தெருக்களைத் தன்னார்வலர்கள் இதன் மேல்தான் குறித்தார்கள். தெரு வரைபடம் திறந்த தரவாக ஏற்கெனவே இருந்ததால்தான் அதை அவ்வளவு சீக்கிரம் செய்ய முடிந்தது. உங்கள் ஊர் ஏரிக்கு அதில் பெயர் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். இணையம் இல்லாத இடத்துக்குப் போவதென்றால், இதே தரவை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 8: வரைந்ததை வெளியே எடுங்கள்

விளிம்பை 2005க்கு ஒரு கோடு, 2015க்கு ஒரு கோடு, இன்றைக்கு ஒரு கோடு என்று வரைந்துவிட்டீர்கள். இனி அந்த மென்பொருள் நாளை மூடப்பட்டாலும் உங்கள் வேலை பிழைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் முப்பரிமாண உருண்டை 2010இலேயே நிறுத்தப்பட்டது. இலவசச் சேவை எதுவும் நிரந்தரமல்ல.

கேஎம்எல் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள்; வரைந்த புள்ளிகளும் கோடுகளும் இட எண்களோடு அதில் பதிவாகும். கீஹோல் காலத்தில் பிறந்த இந்த வடிவம் 2008இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. கூகுள் எர்த், ஆர்க்ஜிஐஎஸ் எர்த், மார்பிள், கியூஜிஐஎஸ் எல்லாமே படிக்கும். கேஎம்இசட் என்பது அதையே சுருக்கிக் கட்டிய கோப்பு. ஒரே ஒரு பொறி: கேஎம்எல் கோப்புக்குள் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. கூகுள் மேப்ஸ் தேடுபெட்டியிலோ அட்சரேகை முதலில். கையால் எழுதும்போது 80.22, 12.94 என்பதை மாற்றிப் போட்டால் பள்ளிக்கரணை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு வடக்கே போய் விழும்.

உரிமத்தையும் இங்கேயே சரிபாருங்கள். கூகுள் படத்தின் மேல் பார்த்து வரைந்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக்கூடாது. பிங் படத்தையும் எஸ்ரி படத்தையும் பார்த்து வரைய அங்கே அனுமதி உண்டு. கட்டுரையிலோ அறிக்கையிலோ கூகுள் எர்த் படத்தைப் போட்டால் கூகுளின் பெயரையும் படம் தந்த நிறுவனத்தின் பெயரையும் வெட்டாமல் விட வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு என்றால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பிட வேண்டும். அந்தத் தரவைத் திருத்தி வெளியிட்டால் அதே திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். சென்டினல் படங்களை எதற்கும் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். நீதிமன்றத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போகக்கூடிய வேலை என்றால் தொடக்கத்திலிருந்தே சென்டினல், லேண்ட்சாட் படங்களை அடித்தளமாக வைத்து, கூகுள் எர்த்தைத் துணைச்சான்றாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மூலப்படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிச் சரிபார்க்கலாம் என்பது அங்கே பெரிய பலம்.

கடைசியாக, ஒவ்வொரு கோட்டின் விவரக்குறிப்பிலும் நான்கு விஷயங்களை எழுதிவையுங்கள்: படம் எடுத்த தேதி, எந்தச் செயற்கைக்கோள் அல்லது நிறுவனம், எந்த மென்பொருளில் பார்த்தது, படி 5இல் கண்ட இட விலகல் எத்தனை மீட்டர். கேஎம்எல்லில் ஒவ்வொரு குறிக்கும் விவரம் எழுத இடம் இருக்கிறது. அதிலேயே எழுதினால் கோப்பு யார் கைக்குப் போனாலும் குறிப்பும் கூடவே போகும்.